தேவசித்தத்தை அறிவது எப்படி? குளுவாங் தம்பியின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் கிடைத்தது. நம் வாலிபர்கள் பலரும் இதே கேள்வியோடு இருப்பதால், பதிலை எல்லாரும் வாசிக்கும்படி எழுதலாமா என்று கேட்டேன். பெயரைச் சொல்லாமல் எழுதுங்கள் டீச்சர் என்று ஒப்புக்கொண்டீர்கள். ஆகவே உங்கள் நிலையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு வயது 26. மலேசியாவில் குளுவாங்கை அடுத்த ஒரு செம்பனை ஆலையில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறீர்கள். சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் உங்களுக்கு வேலை தருவதாகச் சொல்லி, இந்த மாத முடிவுக்குள் பதில் கேட்கிறது. சிரம்பானில் இறையியல் படித்து ஊழியத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணமோ மூன்று வருடமாக உங்களை விடவில்லை. வீட்டில் அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. அம்மா இல்லை. அக்கா திருமணமாகி வெளியூரில் இருக்கிறார். அப்பாவை விடியற்காலையில் கொண்டுபோய் விடுவது நீங்கள்தான். புத்தாண்டு இரவு ஆராதனையில் நீங்கள் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது. மார்ச் மாத உபவாச ஜெபத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் உங்கள் தலையில் கை வைத்து, "தேவன் உன்னை ஊழியத்துக்கு அழைக்கிறார், தாமதித்தால் ஆசீர்வாதம் கைமாறிப்போகும்" என்றார். போன வாரம் ஜெபித்துவிட்டு, கண்ணை மூடியபடி வேதத்தைத் திறந்து விரல் வைத்தபோது, "மரித்தோர் தங்கள் மரித்தோரை அடக்கம்பண்ணட்டும்" என்ற லூக்கா 9:60 வந்தது. இவற்றுக்குப் பிறகு கேட்கிறீர்கள்: மூன்று வழியில் எது தேவசித்தம்? இத்தனை அடையாளம் வந்த பிறகும் குழம்புகிறேனே, இது என் விசுவாசக் குறைவா?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருப்பது அதுதான்.

குழப்பம் என்பது விசுவாசக் குறைவு அன்று. "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்று எபிரெயர் 11 தொடங்குகிறது. அதே அதிகாரத்தின் எட்டாம் வசனத்தில் ஆபிரகாம் "தான் போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான்" என்று இருக்கிறது. அழைத்தவர் யார் என்பதில் அவனுக்கு நிச்சயம் இருந்தது, போகும் ஊர் எது என்பதில் இல்லை. நாமோ ஊரின் பெயரைத் தெரிந்துகொள்வதுதான் விசுவாசம் என்று எண்ணிக்கொண்டு, தெரியாதபோது நம்மையே கடிந்துகொள்கிறோம்.

"விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்" என்ற ஆபகூக் 2:4-ல் எபிரெய மூலத்தில் இருக்கும் சொல் எமுனா. உறுதி, நிலைத்திருத்தல், நம்பத்தக்க தன்மை என்று அதற்குப் பொருள். இதே சொல் யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில் வருகிறது. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசே மலையுச்சியில் கைகளை உயர்த்தி நிற்கிறான், கைகள் அசந்துபோகின்றன. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்காரவைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவன் மறுபக்கமும் கைகளைத் தாங்கிக்கொள்கிறார்கள். "அவன் கைகள் சூரியன் அஸ்தமிக்கும்வரையும் ஒரே நிலையாயிருந்தது" என்ற வசனத்தில் "நிலை" என்று நாம் வாசிப்பது எபிரெயத்தில் எமுனாதான். அந்த நேரத்தில் மோசேயின் மனத்தில் கலக்கம் இருந்ததா என்று வேதம் சொல்லவில்லை. கை இறங்கவில்லை என்று மட்டும் சொல்கிறது, அதுவும் இருவர் தாங்கிப் பிடித்ததால் இறங்கவில்லை என்று சொல்கிறது. நம் தமிழிலும் ஒருவரை விசுவாசமான வேலையாள் என்று சொல்லும்போது, அவர் உள்ளத்தில் சந்தேகமே எழுவதில்லை என்றா சொல்கிறோம்? யாரும் பார்க்காத நேரத்திலும் தன் வேலையை விட்டுவிடாதவர் என்றல்லவா சொல்கிறோம்? திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும், விடிவதற்கு முன்பே அப்பாவை அந்தப் பழைய கஞ்சில் காரின் முன் இருக்கையில் தலையணை வைத்து உட்காரவைத்து, சிகிச்சை நிலையத்தில் விட்டுவிட்டு, அப்படியே ஆலைக்குப் போகிறீர்கள். உங்கள் விசுவாசம் எங்கே என்று யாராவது கேட்டால் நான் அந்தக் காரைத்தான் காட்டுவேன்.

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். "தேவசித்தம்" என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் கலந்து பேசுகிறோம் என்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். உபாகமம் 29:29 இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. "மறைவானவைகள் நம்முடைய தேவனாகிய கர்த்தருக்கே உரியவைகள்" என்கிறது. வெளிப்படுத்தப்பட்டவைகளோ நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் உரியவைகள் என்கிறது, நாம் அவற்றின்படி செய்யும்படிக்கு. வேதம் "இதுவே தேவனுடைய சித்தம்" என்று வெளிப்படையாகச் சொல்லும் இடங்களைத் தேடிப் பாருங்கள். "நீங்கள் பரிசுத்தமுள்ளவர்களாகவேண்டுமென்பதே தேவனுடைய சித்தமாயிருக்கிறது" என்று 1 தெசலோனிக்கேயர் 4:3-ல் இருக்கிறது. எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்வது தேவசித்தம் என்று அதே நிருபத்தின் 5:18-ல் இருக்கிறது. நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, மனத்தாழ்மையாய் நடப்பதைத்தான் கர்த்தர் கேட்கிறார் என்று மீகா சொல்கிறார். எந்த ஊரில் வேலை, எந்த நிறுவனம் என்பது இவற்றில் எங்கும் இல்லை. திருமணம் போன்ற பெரிய காரியத்தில்கூட, கணவனை இழந்த ஒரு பெண்ணைப் பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 7:39-ல் எழுதும்போது, கர்த்தருக்குட்பட்டவனாக இருந்தால் தனக்கு இஷ்டமானவனை மணந்துகொள்ள அவளுக்கு விடுதலை உண்டு என்கிறார். "இஷ்டம்" என்ற சொல்லை அங்கே வைப்பதற்கு அப்போஸ்தலன் கூச்சப்படவில்லை. மூன்று கதவுகளில் ஒன்றின் பின்னால் மட்டும் தேவன் நின்றுகொண்டு, மற்ற இரண்டைத் திறந்தால் முகம் திருப்பிக்கொள்வார் என்ற எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நிச்சயமாக இயேசு காட்டிய பிதாவிடமிருந்து வரவில்லை.

அப்படியானால் அந்த அட்டைக்கு ஒன்றும் பொருள் இல்லையா என்பீர்கள். இதை நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நானும் சிறுவயது முதல் டிசம்பர் 31 இரவில் அந்தத் தட்டிலிருந்து அட்டை எடுத்தவள்தான். ஒரு வசனத்தை வருடம் முழுவதும் மனத்தில் வைத்து ஜெபிப்பது நல்ல பழக்கம். வசனங்களைச் சீட்டுப் போட்டு எடுப்பதும் நம் சபைகளில் மட்டும் உள்ள வழக்கம் அன்று. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரின் மொரேவியச் சகோதரர்கள் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனத்தைச் சீட்டு முறையில் தேர்ந்து, 1731 முதல் ஆண்டுதோறும் அச்சிட்டு வருகிறார்கள். (இதே சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறினார்கள்.) ஒரு காலத்தில் அவர்கள் திருமணத்தையும் சீட்டுப் போட்டே முடிவுசெய்தார்கள். பின்னர் அதைக் கைவிட்டு, தினவசனத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் எதை விட்டார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வசனம் ஒரு மனிதரிடம் எப்படிச் சேர்ந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். டீட்ரிச் போன்ஹோஃபர் என்ற ஜெர்மன் போதகர் 1939 ஜூன் மாதம் நியூயார்க்குக்கு வந்தார். யுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹிட்லரின் ஆட்சியிலிருந்து அவரைக் காப்பாற்ற விரும்பிய நண்பர்கள் அங்கே அவருக்குப் பாதுகாப்பான ஒரு வேலையை ஏற்பாடு செய்திருந்தார்கள். சொந்த நாட்டில் துன்பப்படும் சபையை விட்டுவிட்டு வந்தோமே என்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜூன் 20-ஆம் தேதி அந்த வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகும் தன் உள்நோக்கங்கள் தனக்கே தெளிவாக இல்லை என்று நாட்குறிப்பில் எழுதினார். ஆறு நாள் கழித்து, ஜூன் 26 அன்று, "மாரிகாலத்துக்குமுன்னே நீ வந்து சேரும்படி ஜாக்கிரதைப்படு" என்ற 2 தீமோத்தேயு 4:21 அவர் கண்ணில் பட்டது. அது நாள் முழுவதும் அவரை விட்டு நீங்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் கப்பல் ஏறினார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோசன்பூர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வசனம் வந்ததால் அவர் முடிவெடுக்கவில்லை. மனச்சாட்சியோடும் சபையின் மீதிருந்த அன்போடும் போராடி எடுத்த முடிவு முன்னால் நிற்கிறது, வசனம் பின்னால் வந்து அதற்குத் தோள் கொடுக்கிறது. அந்தப் போராட்டத்துக்குப் பதிலாக அட்டையை வைத்துக்கொள்ள முடியாது, தம்பி.

உங்கள் அட்டையின் வசனத்தை அதன் அதிகாரத்தோடு படித்தீர்களா? "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்பது, பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தில் வருகிறது. அந்த நாட்களில் அனனியா போன்ற தீர்க்கதரிசிகள், இரண்டே வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எரேமியாவோ எழுபது வருடம் என்று எழுதினார். அதுவரை என்ன செய்வது என்பதற்கு, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் செய்யுங்கள் என்றார். அட்டையில் அச்சிட்டது பதினோராம் வசனம் மட்டும். ஐந்து முதல் ஏழு வரையுள்ள வசனங்களையும் சேர்த்து அச்சிட்டிருந்தால், அதை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்பலாமா என்று நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பிரசங்கியார் சொன்னதைப் பற்றி நான் சுருக்கமாகவே எழுதுவேன். "தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள். எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற இரண்டு கட்டளையும் அடுத்தடுத்த வசனங்கள். ஒன்றை மட்டும் கைக்கொள்வது கீழ்ப்படிதல் ஆகாது. 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தில், தேவனிடமிருந்து நேரடியாகக் கட்டளை பெற்ற ஒரு தேவமனுஷன், "ஒரு தூதன் என்னோடே பேசினான்" என்று பொய் சொன்ன ஒரு கிழவனான தீர்க்கதரிசியை நம்பி வழி மாறி, உயிரையே இழந்தான். நான் உங்களுக்குச் சொல்லப்பட்டது பொய் என்று சொல்லவில்லை. அழைப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் "தாமதித்தால் கைமாறிப்போகும்" என்ற பகுதியை நான் ஏற்கமாட்டேன். தமஸ்குவுக்குப் போகும் வழியில் அழைக்கப்பட்ட சவுல் (பின்னாளில் பவுல்), அரபிதேசத்துக்குப் போனான், தர்சுவில் இருந்தான். அந்தியோகியாவிலிருந்து பர்னபா வந்து தேடி அழைத்துக்கொண்டு போகும்வரை அங்கேயே இருந்தான். அழைப்புக்கும் முதல் ஊழியப் பயணத்துக்கும் இடையே பத்து வருடத்துக்கும் மேல் கடந்ததாக அறிஞர்கள் பலர் கணக்கிடுகிறார்கள். அப்போஸ்தலர் 13-ல் பரிசுத்த ஆவியானவர் "பிரித்துவிடுங்கள்" என்று சொன்னது சவுலிடம் தனியாக அல்ல, உபவாசித்து ஆராதித்துக்கொண்டிருந்த சபையிடம். ஊழியத்துக்கான அழைப்பு உள்ளுக்குள் ஒருவருக்குக் கேட்பதும், அவரை அறிந்த சபை அதை உறுதிசெய்வதும் ஆகிய இரண்டும் சேர்ந்தது என்று லுத்தரன், மெத்தடிஸ்ட், ஆங்கிலிக்கன் சபைகள் இன்றுவரை கற்பிப்பதற்கு இதுவே அடிப்படை. உங்களை ஒருநாள் மட்டும் பார்த்தவருக்குத் தெரிந்ததைவிட, கடைவீட்டு மாடியில் நான்கு வருடமாக உங்களிடம் ஞாயிறு பாடம் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அதிகம் தெரியும். அவர்களிடம் கேட்டீர்களா?

கண்ணை மூடித் திறந்த பக்கத்தைப் பற்றிச் சொல்வதானால், பழைய காலத்துத் திருச்சபை அறிஞரான அகஸ்டின் 386-ஆம் ஆண்டு மிலான் நகரத் தோட்டத்தில் அப்படித்தான் ரோமர் 13-ஐத் திறந்து வாசித்தார், அவர் வாழ்க்கையே மாறியது. ஆனால் அந்த வசனம் அவருக்குத் தெரியாத எதையும் சொல்லவில்லை. விட வேண்டும் என்று அவர் வருடக்கணக்காக அறிந்திருந்ததை விடும்படிதான் சொன்னது. பின்னாளில் ஆயராக இருந்தபோது அவரே, உலகக் காரியங்களுக்காகச் சுவிசேஷப் பக்கங்களைத் திறந்து குறி பார்ப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினார். உங்கள் விரல் லூக்கா 9:60-ல் நின்றது. இன்னும் கொஞ்சம் முன்னால் திறந்திருந்தால் மாற்கு 7-ல் நின்றிருக்கும். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்கென்று கொடுத்த காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழிப்பவர்களை இயேசு அங்கே கடிந்துகொள்கிறார். மாற்கு 5-ல் நின்றிருந்தால், பிசாசுகளிலிருந்து விடுதலையான ஒருவன் உம்மோடு வருகிறேன் என்று வேண்டிக்கொண்டும், இயேசு அவனுக்கு உத்தரவு கொடாமல், உன் வீட்டுக்குப் போய்க் கர்த்தர் உனக்குச் செய்தவைகளை உன் இனத்தாருக்கு அறிவி என்று அனுப்பிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவனை வீட்டை விட்டு வா என்றவரும், இன்னொருவனை வீட்டுக்குப் போ என்றவரும் ஒரே ஆண்டவர். இருவரையும் அவர் முகம் பார்த்துப் பேசினார். இருவரும் அவரைப் பின்பற்றத்தான் வேண்டியிருந்தது.

நான் இதையெல்லாம் மேலே நின்று சொல்லவில்லை. 1970-களில் நான் ஐந்தாம் படிவம் முடித்து, ஆசிரியர் பயிற்சிக்கு மனுச்செய்துவிட்டு, ரப்பர்த் தோட்டத்தில் காத்திருந்தேன். அம்மா பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார், இடுப்பு வலி வேறு. நியாயாதிபதிகள் 6-ல் கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு தேவனிடம் அடையாளம் கேட்டதுபோல நானும் ஒன்று கேட்டேன். சனிக்கிழமைக்குள் கடிதம் வந்தால் போவேன், வராவிட்டால் அம்மாவோடு வெட்டுக்குப் போவேன் என்று ஜெபித்துக்கொண்டேன். வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, தேவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று அழுதேன். அம்மா என்னைச் சமாதானப்படுத்தவில்லை. "லெட்டரு வரலன்னா ஆண்டவரு வேணாம்னு சொல்றாருன்னு உனக்கு எப்படித் தெரியும்? கெராணி லீவுல போயிருக்காரான்னு ஆபீசுல கேட்டியா?" என்றார். தோட்டத்துக்கு வரும் கடிதங்கள் அப்போதெல்லாம் ஆபீசுக்குத்தான் போகும். திங்கள் காலை ஓடிப்போய்க் கேட்டேன். கிராணியின், அதாவது ஆபீஸ் எழுத்தரின், மேசையில் வியாழக்கிழமையே வந்து கிடந்தது. கிதியோன் கதையை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். தேவன் என்ன செய்யச் சொல்கிறார் என்பது அவனுக்கு முன்பே தெரியும். "நீர் சொன்னபடி" என்று அவனே சொல்லிக்கொண்டுதான் தோலைப் போடுகிறான். அவன் தேடியது வழியை அல்ல, தைரியத்தை. தேவன் அவன் பலவீனத்துக்கு இரங்கினார் என்பது உண்மை. அதை ஒரு முறையாக நமக்கு யாரும் கற்பிக்கவில்லை.

வழிநடத்துதல் என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தக் கடிதத்தைவிட அம்மாவின் உளி. பள்ளி விடுமுறையில் அவரோடு நிரைக்கு, அதாவது அவர் வெட்டும் ரப்பர் மர வரிசைக்கு, போவேன். இருட்டில், நெற்றியில் கார்பைட் விளக்கோடு, அவர் முதல் வாரம் முழுவதும் ஒவ்வொரு மரத்திலும் என் கைமேல் தன் கையை வைத்து வெட்டினார். வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்து இறங்கும். உளியை அதில் இழுக்கும்போது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் அளவுக்குத்தான் பட்டை சீவப்பட வேண்டும். மேலாக வெட்டினால் பால் வடியாது, ஏனென்றால் பால் ஓடும் குழாய்கள் பட்டையின் உட்பக்கம், மரத்தை ஒட்டி இருக்கின்றன. ஆழமாகப் போய் உளி மரத்தைத் தொட்டுவிட்டால் அங்கே புதுப்பட்டை வழவழவென்று வளராது, முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். வருடங்கள் கழித்து அந்தப் பக்கத்தை வெட்ட வருகிறவருக்கு உளி ஓடாது. எனக்குப் பயம். ஒவ்வொரு மரத்திலும் "அம்மா, சரியா?" என்று கூப்பிடுவேன். இரண்டாவது வாரம் ஒருநாள் அவர் வரவில்லை. அடுத்த நிரையில் அவர் விளக்கு அசைவது தெரிந்தது, மங்கில், அதாவது பால் பிடிக்கும் கோப்பையில், பால் சொட்டுவது கேட்டது. "நீயே பாரு, கை சொல்லும்" என்றார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். வெட்டிப் பார்த்தபோது கை சொன்னது. பட்டை எந்த இடத்தில் ஈரமாகி உளிக்கு இணங்குகிறது என்று மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது.

சீஷன் என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் கற்றுக்கொள்கிறவன் என்றுதான் பொருள். புத்தகத்தைப் படித்துக் கற்பதைவிட, ஒருவரோடு நடந்து, அவர் கை செய்வதைப் பார்த்துக் கற்பதே அந்தக் காலத்துச் சீஷத்துவம். "தேறினவன் எவனும் தன் குருவைப்போலிருப்பான்" என்கிறார் இயேசு. எபிரெயர் 5:14 இன்னும் ஒரு படி மேலே போய், நன்மைதீமை இன்னதென்று பகுத்தறியத்தக்கதாகப் பயிற்சியினால் பழகிய ஞானேந்திரியங்களைப் பற்றிப் பேசுகிறது. மனம் புதிதாகிறதினாலே தேவனுடைய சித்தம் இன்னதென்று பகுத்தறிவீர்கள் என்று ரோமர் 12:2-ல் பவுல் எழுதுவதும் இதைத்தான். சித்தம் வெளியிலிருந்து ஓலையாக வந்து விழும் என்று அவர் சொல்லவில்லை, மாற்றம் பெற்ற மனம் அதைப் பகுத்தறியும் என்கிறார். தரிசனமும் சத்தமும் வேதத்தில் உண்டு, நான் மறுக்கவில்லை. துரோவாவில் இரவிலே மக்கெதோனியா தேசத்து மனுஷனைப் பவுல் தரிசனமாகக் கண்டார். ஆனால் அதற்கு அடுத்த வசனத்தில் அவரும் கூட இருந்தவர்களும் சேர்ந்து அதை நிதானித்து நிச்சயித்துக்கொள்கிறார்கள். அப்படிப் போன இடத்தில் அடிபட்டுச் சிறையிலும் கிடந்தார்கள். ஆகவே, கதவு எளிதாகத் திறப்பதையோ மனம் அமைதியாக இருப்பதையோ மட்டும் வைத்துத் தேவசித்தம் என்று முடிவுகட்டாதீர்கள். கெத்செமனேயில் ஆண்டவரின் வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாய் விழுந்தது.

இனி உங்கள் காரியம். பிரிஸ்டலில் ஏறக்குறைய பத்தாயிரம் அநாதைப் பிள்ளைகளை யாரிடமும் பணம் கேளாமல் ஜெபத்தினாலே வளர்த்த ஜார்ஜ் முல்லர், தேவசித்தத்தை அறிய விரும்பும்போது முதலில் அந்தக் காரியத்தில் தனக்கென்று விருப்பம் இல்லாத நிலைக்குத் தன் இருதயத்தைக் கொண்டுவர முயல்வதாக எழுதினார். கஷ்டத்தின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும் என்பது அவர் அனுபவம். அந்த அளவுகோலால் உங்கள் மூன்று வழிகளையும் அளந்து பாருங்கள். சிங்கப்பூர் வேலை பாவம் அன்று. அந்தச் சம்பளத்தால் அப்பாவின் செலவும் அத்தை மகளின் படிப்பும் நடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது நல்ல எண்ணம். ஆனால் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று லூக்கா 14:28-ல் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்திருந்துவிட்டு, தலை சுற்றிக்கொண்டு வெளியே வரும் அப்பாவைக் கூட்டிவர யார் இருப்பார்கள் என்பதை உங்கள் கணக்கில் காணவில்லை. அதற்கு ஆள் கிடைக்கும்வரை அந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். "தன் வீட்டாரை விசாரியாமற்போனால்" என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்வதில் பணம் அனுப்புவது மட்டும் அடங்கவில்லை. மாத முடிவு என்பது அந்த நிறுவனத்தின் கெடு, தேவனுடைய கெடு அன்று.

ஊழிய அழைப்பை நான் மெய்யென்றே எண்ணுகிறேன். பிரசங்கியார் சொன்னதால் அல்ல. அவர் சொல்வதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே அது உங்களுக்குள் இருந்தது, அதற்குள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதும் நோயாளிகளைப் பார்க்கப் போவதுமாக அது கைகால் முளைத்து நடந்துகொண்டிருக்கிறது. அந்த அழைப்பு ஒரு வருடம் பொறுக்கும். உங்கள் போதகரிடம் போய், சபை மூப்பர்கள் முன்னால் உங்களைச் சோதித்துப் பார்க்கும்படி கேளுங்கள். கல்லூரிக்கு எழுதி, பகுதி நேரமாகவோ தள்ளிவைத்தோ படிக்க வழி உண்டா என்று விசாரியுங்கள். அக்காவிடமும் பேசுங்கள். அவர் வெளியூரில் இருக்கிறார் என்பதாலேயே அவரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டீர்கள். சோர்ந்திருக்கும் நாளில் எதையும் முடிவுசெய்யாதீர்கள். உள்ளம் வறண்டிருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது என்று 16-ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த விதி, கத்தோலிக்கர் அல்லாத நமக்கும் பொருந்தும். இரவு வேலை முடிந்து வந்த விடியலில்தான் நீங்கள் அந்தப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்திருக்கிறீர்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய ஒன்று. நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் பிரசங்கியார் பேசுகிறார், நிறுவனத்து அதிகாரி பேசுகிறார், நண்பர்கள் பேசுகிறார்கள், அட்டை பேசுகிறது. உங்கள் அப்பா ஓர் இடத்திலும் பேசவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள், மருந்து கொடுக்கிறீர்கள், அவருக்காகக் கவலைப்படுகிறீர்கள். அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி இல்லை. மூப்பராக இருந்து தோட்டத்துச் சிற்றாலயத்தில் முப்பது வருடம் ஜெபம் நடத்தியவர் அவர். ஒருவேளை உங்களைத் தேவனுக்கென்று நேர்ந்துகொண்டதை இதுவரை சொல்லாமல் வைத்திருக்கலாம். ஒருவேளை தனியாக இருக்கப் பயப்படலாம், பயத்தைச் சொல்ல வெட்கப்படலாம். புதன்கிழமை விடுப்பு எடுங்கள். சிகிச்சை நிலையத்தில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார அனுமதி கேளுங்கள். நான்கு மணி நேரம் இருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
டீச்சர்